அந்தியேட்டிவரை ஒரு தாடி

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்க வரும். பஞ்சியில்தான் வாசிப்பதில்லை. இதைப் பிரெஞ்சில் எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டு என் பிழைகளைத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். தெரியாத சொல் வந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

போன கிழமை ஹொக்கி நடந்துகொண்டிருக்கும்போது நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். மகன், நீ அக்காவிடம், "அப்பாவுக்கு அது விளங்காது, அதுதான் பிடிக்காது" என்று பிரெஞ்சில் சொன்னாய். அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். ஹொக்கியும் விளங்கும். பனித்தரையில் சறுக்கிப்போய்க் கறுத்த தட்டை எதிராளியின் வலைக்குள் அடிப்பதில் விளங்காமற்போக என்ன இருக்கிறது? விளங்கித்தான் பிடிக்கவில்லை.

இந்த ஊரை விரும்பு என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மொன்றியல் என்றால் பியரும் ஹொக்கியும் என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பியரின் மற்றப் பக்கத்தை அவர்கள் காண்பதில்லை. நான் அதற்குள்தான் நிற்கிறேன். லாசாலில் நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்குக் குடித்து முடித்த போத்தல்கள் வருகின்றன. டெப்பனர் என்கிற மூலைக் கடைகளிலும் பெரிய கடைகளிலும் திருப்பிக் கொடுத்தவை, பெட்டி பெட்டியாக லொறியில் வந்து இறங்கும். வாய் உடைந்ததை எடுத்து எறிய வேண்டும். சிகரெட் கட்டை போட்டதை எடுக்க வேண்டும். சிலர் அதற்குள் மூத்திரமும் பெய்து மூடி வைத்திருப்பார்கள். அதையும் எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் பழைய பியர் கையுறைக்குள் ஒழுகி முழங்கைவரை வரும். நான் வாழ்நாளில் ஒரு மிடறு குடித்ததில்லை. ஆனாலும் மெற்றோவில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

வசந்த காலம் வந்து பெரிய போட்டிகள் தொடங்கினால் போத்தல்கள் இரட்டிப்பாகும். கார்களில் கொடி பறக்கும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றால், அதன் நெற்றியில் இலக்கம் வரவேண்டிய இடத்தில் ஊர் ஹொக்கி அணிக்கு வாழ்த்து ஓடிக்கொண்டிருக்கும். அது மாறி இலக்கம் வருமுன் பஸ் போய்விடும். ஊரே ஒரு பைத்தியத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போகும் பஸ் எது என்று கேட்கிறவன்தான் பைத்தியக்காரன்.

அந்தப் போட்டிகள் தொடங்கிய கிழமையில்தான் உங்கள் அப்பப்பா போய்ச் சேர்ந்தார்.

மகள், உனக்கு ஞாபகம் இருக்கும். மகன், நீ அப்போது இரண்டாம் வகுப்பு. என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. தம்பி ஊரிலிருந்து போன் எடுத்து, "அண்ணை, பிரேதத்தை வச்சிருக்கிறது சரியில்லை எண்டு எல்லாரும் சொல்லீனம். நான் கொள்ளி வைக்கட்டோ?" என்று கேட்டான். மூத்தவன் நான். நான்தான் வைத்திருக்க வேண்டும். "வை" என்றேன். தலை தோய்ந்துவிட்டுச் செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு என்னால் செய்யக்கூடியது என்று ஒன்றுதான் மிஞ்சியது. எங்கள் முறைப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதுவரைக்கும் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, மச்சம் மாமிசம் இல்லை, ஆண்பிள்ளைகள் முகம் வழிப்பதில்லை. அந்தியேட்டியன்று விடிய வழித்துத் தோய்ந்து, தண்ணீர்க்கரையில் கிரியை செய்து, போனவரை அனுப்பிவைக்க வேண்டும். கொள்ளி வைக்கவில்லை, தோள் கொடுக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. தாடியாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் பெரிதாக நினைக்கவில்லை.

எங்களோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணையை உங்களுக்குத் தெரியும். நத்தாருக்கு உங்களுக்குக் கேக் கொண்டுவருகிறவர். அவர் இந்த ஊரில் என்னைவிடப் பழையவர். தாடி வெளியே தெரியத் தொடங்கியதும் எங்கள் சுப்பவைசர் என் முன்னால் வந்து நின்றான். என்னைவிட ஒரு முழம் உயரமான ஆள். தன் தாடியைத் தடவிக்காட்டி, பிறகு தொப்பியிலிருந்த அணியின் சின்னத்தைத் தொட்டுக்காட்டி, "நீயுமா?" என்று கேட்டான்.

இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய போட்டிகள் தொடங்கினால் விளையாடுகிறவர்கள் தாடி வழிக்க மாட்டார்கள். அதைப் பார்த்து ரசிகர்களும் வழிக்க மாட்டார்கள். அணி தோற்று வெளியேறும் வரைக்கும் வளர்ப்பார்கள். எனக்கு அப்போது தெரியாது.

நான் வாயைத் திறக்குமுன் மட்டக்களப்பு அண்ணை முந்திக்கொண்டு, "ஓம் ஓம், இவரும் அணிக்குத்தான்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார். சுப்பவைசர் என் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டுப் போனான்.

"என்னண்ணை இது? செத்த வீட்டைப் போய் விளையாட்டெண்டுறியள்?"

"சும்மா இரு தம்பி. செத்த வீடெண்டு சொன்னா ஆயிரம் கேள்வி வரும். எத்தின நாள், ஏன் அத்தின நாள், எங்க எழுதியிருக்கு எண்டு கேப்பானுகள். தாடிக்கு வலை கட்டு எண்டுவானுகள். ஹொக்கியெண்டா ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான். பேசாம வளத்துப்போட்டுப் போ."

அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. உண்மையிலேயே ஒருத்தனும் ஒன்றும் கேட்கவில்லை. மாறாக என்னைத் தலையில் தூக்கி வைத்தார்கள். என் தாடி வளரத் தொடங்கிய பிறகு அணி ஒரு போட்டி வென்றது, பிறகு இன்னொன்றும் வென்றது. என் தாடிதான் மற்ற எல்லாருடையதையும்விடக் கறுப்பாக, அடர்த்தியாக இருந்தது. அதுதான் ராசி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் பெயர் போய்விட்டது. "லா பார்ப்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தாடி என்று அர்த்தம். ஆளைக் கூப்பிடவில்லை, மயிரைக் கூப்பிட்டார்கள்.

விளையாட்டு உள்ள நாளில் என் தாடியைத் தொடாமல் ஒருத்தனும் வேலையைத் தொடங்க மாட்டான். பியர் பிசுபிசுக்கும் கையோடு வருவார்கள். ஒருத்தன் நாடியைப் பிடித்து ஆட்டுவான். ஒருத்தன் இரண்டு கன்னத்தையும் பிடித்து, சின்னப்பிள்ளைக்குச் செய்வதுபோல, முத்தம் கொடுக்கிற மாதிரிச் சத்தம் போடுவான். எங்கள் ஊரில் துடக்குக்காரனிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசிப்பார்கள். இவர்கள் வரிசையில் நின்று என்னைத் தடவினார்கள். நான் தேநீர் நேரத்தில் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போய் ஒளிந்து இருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வண்டியோடு தேடி வந்தான்.

"லா பார்ப், எங்கே ஓடுகிறாய்? நாங்கள் தோற்கவா வேணும்?"

மட்டக்களப்பு அண்ணை பக்கத்தில் நின்று சிரித்தார். "பிள்ளையாருக்குக்கூட இப்பிடிக் கூட்டமில்ல தம்பி. ஒரு உண்டியல் வையன்."

"உங்களாலதானே அண்ணை."

"நானென்ன, தாடிய இவ்வளவு வடிவா வளக்கச் சொன்னனா?"

நான் சிரிக்கவில்லை. அவர்கள் கை படும் ஒவ்வொரு தரமும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து தாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கழுவினாலும் பியர் மணம் போகாது. நீங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள்.

கடைசியில் அணி தோற்றது. தெற்கே, அமெரிக்காவில் உள்ள ஏதோ ஒரு ஊரிடம் தோற்று வெளியேறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். இனி ஒருத்தனும் தொடமாட்டான் என்று நினைத்தேன். அந்தியேட்டிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமை இருந்தது.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் போனால், சாப்பாட்டு அறையில் மயிர் வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து நடுவில் போட்டிருந்தார்கள். தோற்றால் எல்லாரும் ஒன்றாக வழித்துவிட வேண்டுமாம். அதுவும் வழக்கமாம். முதலில் அதில் வந்து இருந்தவன் சுப்பவைசர். தாடி விழ விழ அவனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் பொய் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள், தட்டு வலைக்குள் போகவில்லை என்று அழுதான். அப்பாவின் பிரேதம் போனில் அசைந்து அசைந்து போகும்போது நான் அப்படி அழவில்லை. பிறகு ஒவ்வொருத்தனாக இருந்தார்கள். நிலம் முழுக்கப் பொன் மயிரும் செம்மயிரும் கிடந்தன.

"லா பார்ப்! உன் முறை."

"இல்லை" என்றேன். "இப்போது இல்லை. அடுத்த கிழமை."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஃபோர்க்லிஃப்ட்காரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அடுத்த கிழமை யார் விளையாடுவது?" என்றான்.

"ரொறன்ரோ இன்னும் விளையாடுகிறது" என்றான் இன்னொருத்தன்.

பிள்ளைகளே, இந்த ஊரில் கள்ளன், கொலைகாரன் என்றாலும் மன்னிப்பார்கள். ரொறன்ரோக்காரன் என்றால் மன்னிக்க மாட்டார்கள். சொந்த அணி தோற்ற பிறகும் தாடி வைத்திருக்கிறவன் வேறு அணிக்கு வைத்திருக்கிறான் என்று அவர்கள் கணக்கு.

"உனக்கு அங்கே ஆக்கள் இருக்கிறார்களா?" என்று சுப்பவைசர் கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"தங்கச்சி இருக்கிறாள்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், வேறென்ன செய்வது?

மேசையில் அடித்து "ரொறன்ரோ! ரொறன்ரோ!" என்று கத்தத் தொடங்கினார்கள். நான் வாசலுக்குத் திரும்பினேன். ஃபோர்க்லிஃப்ட்காரன் பின்னாலிருந்து என் இரண்டு தோள்களையும் சேர்த்துப் பிடித்தான். மெஷின் வைத்திருந்தவன் சிரித்துக்கொண்டே வந்து இடது காதடியில் வைத்து நாடிவரைக்கும் ஒரே இழுவையில் இழுத்தான். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இழுத்தான். நான் உதறினேன். காதுக்குள் மெஷினின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. என் நெஞ்சுச் சட்டையில் கறுப்பாக விழுந்து கிடந்ததைப் பார்த்தேன்.

"விடுங்கடா!" என்று மட்டக்களப்பு அண்ணை தமிழில் கத்தினார். பிறகுதான் அவருக்குப் பிரெஞ்சு வந்தது. "அவனுடைய தகப்பன் செத்துப்போனான்! அதற்குத்தான் தாடி!"

என்னைப் பிடித்திருந்த கை விட்டது. மெஷினை நிற்பாட்ட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அது மேசையில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்போது?" என்று சுப்பவைசர் கேட்டான்.

"போட்டிகள் தொடங்கிய கிழமை" என்றேன்.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஃபோர்க்லிஃப்ட்காரன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அதைக் காற்சட்டையில் துடைத்தான், இரண்டு தரம் துடைத்தான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "செத்தவனுடைய தாடியையா இவ்வளவு நாளும் தடவினோம்? அதுதான் தோற்றோம்" என்றான்.

இரண்டு பேர் ஓம் என்று தலையை ஆட்டினார்கள்.

எங்கள் ஆட்களின் மூடநம்பிக்கையைப் பற்றி உங்கள் பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாமோ சொல்லித் தருகிறார்கள். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுப்பவைசர் அனுதாபம் என்றான். உள்ளே போய் ஒரு பெட்டி பியர் கொண்டுவந்து என் கையில் வைத்தான், குளிர்ந்தது, புதியது. "குடும்பத்துக்கு" என்றான். "இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போ. ஆனால் அதற்கு முதல் மற்றப் பக்கத்தையும் எடுத்துவிடு. இப்படி றோட்டில் போக முடியாது." அவனே மெஷினைக் கையில் எடுத்தான்.

நான் பியர்ப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பின்னேரத்துக்குள் அதைக் குடித்து, போத்தல்களை என் வரிசையிலேயே போட்டிருப்பார்கள்.

பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வெட்டை. வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள், நீ சிரித்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்து அழுதாய். மகன், நீ சோபாவில் அணியின் சட்டையோடு இருந்தாய். நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும்.

"அப்பா, தோத்தா வெட்டத்தானே வேணும். அதுதான் றூல். ஏன் அரைவாசி விட்டனீங்கள்?"

நான் உனக்குக் கை ஓங்கினேன். அம்மா குறுக்கே வந்தாள். "இது உன்ர அப்பப்பாவின்ர தாடியடா" என்று கத்தினேன். நீ விளங்காமல், "அப்பப்பாவும் ஹொக்கி பாக்கிறவரா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் உங்களோடு இருந்து அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. நீங்கள் பாருங்கள், தடையில்லை. என்னைக் கூப்பிட வேண்டாம்.

அம்மா அன்றைக்கே தொடங்கிவிட்டாள். "இஞ்சேருங்கோ, மற்றப் பக்கத்தையும் எடுத்துப்போட்டு நிம்மதியா இருங்கோவன். பாக்கவே வயித்தைப் பிரட்டுது."

"அந்தியேட்டிக்கு எடுப்பன்."

"கடைக்குப் போறேல்லையோ? சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும்."

அவள் எனக்குத் தெரியாமல் ஐயருக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"தம்பி, மனசுதான் முக்கியம்" என்றார் ஐயர். "பலவந்தமா நடந்ததுக்குக் குற்றமில்லை. மற்றதையும் எடுத்துவிடும். அந்தியேட்டியண்டு பேருக்கு ஒருக்காக் கத்தியை வச்சாப் போதும்."

"குற்றமில்லாட்டி இருக்கட்டுமே ஐயா" என்றேன்.

"பிடிவாதமெல்லோ இது?"

"ஓம்."

தம்பி போனில் வந்தான். அவனுடைய தாடி நெஞ்சைத் தொடப் பார்த்தது, ஒரு குறையுமில்லாமல் இருந்தது. "என்னண்ணை முகத்தில?" என்றான். நான் போனைத் திருப்பி வலது பக்கத்தை மட்டும் காட்டிக் கதைத்தேன். அவன் பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அடுத்த நாளும் வேலைக்குப் போனேன், அதே முகத்தோடு. லா பார்ப் என்று ஒருத்தனும் கூப்பிடவில்லை. வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. நான் இருந்த மேசையில் ஒருத்தரும் இருக்கவில்லை, மட்டக்களப்பு அண்ணையைத் தவிர. அவரும் பாதிச் சாப்பாட்டில், "நான் நல்லதுக்குத்தான் சொன்னன் தம்பி" என்றார்.

"தெரியும் அண்ணை."

"மற்றப் பக்கத்தையும் எடன். உன்னைப் பாத்தா எனக்கே சாப்பாடு இறங்குதில்ல."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுங்கோ."

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் பெரிய ஆரவாரம். ரொறன்ரோவும் தோற்றுவிட்டதாம். சொந்த அணி வென்றபோதுகூட அப்படிக் குதிக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரன் அந்தச் சந்தோஷத்தில் என்னோடு கதைப்பதில்லை என்பதை மறந்துவிட்டான். என் தோளில் தட்டி, "இனி நீயும் வழிக்கலாம்" என்றான். பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்தான். நான் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் அதே இடத்தில், அதே ஆட்களோடுதான் வேலை செய்கிறேன். உங்களுக்குச் சோறு அங்கிருந்துதான் வருகிறது. சுப்பவைசர் காலையில் போன்ஜூர் சொல்கிறான், நானும் சொல்கிறேன். நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க வடிவாக இருக்கும். ஆனால் அது பொய். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் தாடி வளர்க்கத் தொடங்கும்போது என் இடது கன்னம் கூசுகிறது. நீ வளர்ந்துவிட்டாய், மகன், உனக்கும் மீசை அரும்புகிறது. இந்த ஊர்ப் பிள்ளை நீ, ஒரு நாள் நீயும் அவர்களைப் போல ஹொக்கிக்குத் தாடி வளர்ப்பாய். வளர். நான் போன பிறகு உன்னிடமும் ஒருவேளை யாராவது எதற்கு இந்தத் தாடி என்று கேட்பார்கள். கேட்டால், உன் வாயால் நீயே சொல். வேறு ஒருத்தரையும் உனக்காகச் சொல்ல விடாதே. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தியேட்டியன்று ஐயர் எங்களை லாசால் ஆற்றங்கரைக்குக் காலையில் வரச் சொல்லியிருந்தார். நீங்கள் எழும்ப இன்னும் நேரம் இருந்தது. அம்மா குசினியில் எள்ளும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். கண்ணாடியில் பார்த்தால், வலது பக்கம் அப்படியே இருந்தது. அவர்கள் வழித்த இடது பக்கத்தில் அந்த ஒரு கிழமைக்குள் முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. புதிய பிளேட்டைப் போட்டு, முகம் முழுவதும் சவர்க்காரம் பூசினேன். கத்தியை முதலில் இடது பக்கத்தில்தான் வைத்தேன்.